எறும்புப் பொடியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

அடி அண்ணாமலையிலும் மலையடிவாரத்துப் பிற ஊர்களிலும் மல்லாட்டை, காராமணி, கத்தரி, வெண்டை, கரும்பு என்று பயிர் வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லோருக்கும்,



சுற்றி வளைக்காமல் நேராகவே எழுதுகிறேன். வரப்போரத்திலும் செடித் தூரிலும் கோடு கோடாக எறும்புப் பொடி தூவுகிறீர்களே, அதை இந்தப் பட்டத்திலாவது நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நேரில் சொன்னால் இரண்டு வாக்கியத்துக்குள் பேச்சு மழைக்கும் மல்லாட்டை விலைக்கும் போய்விடுகிறது. அதனால்தான் எழுத்தில்.

"எறும்பு ஏறினா பேன் வந்துடும்" என்கிறீர்கள். அசுவினி, மாவுப்பூச்சி இவற்றைத்தான் பேன் என்கிறீர்கள். நீங்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறீர்கள். எறும்பு ஏறும் கொழுந்தில்தான் அசுவினி மொய்க்கிறது. எறும்பு ஊரும் கொய்யாக் கிளையில்தான் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. ஆனால் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதில் கணக்கு மாறிப்போகிறது. அசுவினி பெரும்பாலும் காற்றில் வருகிறது. ஒரு செடியில் கூட்டம் பெருகி, சாறு குறைந்ததும் இறக்கை முளைத்த அசுவினிகள் கிளம்பி அடுத்த கொல்லைக்குப் போகின்றன. மாவுப்பூச்சியின் குஞ்சு காற்றிலும், நம் வேட்டி புடவையிலும், வாங்கிவரும் நாற்றிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அது உட்கார்ந்து சாறு உறிஞ்ச ஆரம்பித்த பிறகே எறும்புக்குச் சேதி எட்டுகிறது. எறும்பும் சில சமயம் பூச்சியைக் கவ்விக்கொண்டுபோய் வேறு கொழுந்தில் விடுவது உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் கொல்லைக்குள் பேனைக் கூட்டிவருவது எறும்பின் வேலை இல்லை. வந்த பேனுக்குக் காவல் நிற்பதுதான் அதன் வேலை.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் மருந்துக்கடையில் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் போகிறது.

நாளைக் காலை ஒரு காரியம் செய்யுங்கள். பனி காய்ந்ததும் எறும்பு ஏறும் காராமணிக் கொழுந்து ஒன்றை ஆட்டாமல் பிடித்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். கறுத்துப் பளபளக்கும் பெரிய அசுவினிகளும் சாம்பல் நிறக் குஞ்சுகளும் தலையைக் கவிழ்த்து, ஊசிவாயைத் தண்டில் செருகி நிற்கும். எறும்பு தன் இரண்டு உணர்கொம்பாலும் ஒரு அசுவினியின் பின்பக்கத்தை மெல்லத் தட்டும். தட்டியதும் தெளிந்த துளி ஒன்று வெளியே வரும். எறும்பு இல்லாத இடத்தில் அசுவினி அந்தத் துளியை உதறி எறிந்துவிடும். எறும்பு இருந்தால் அது குடித்து முடிக்கும்வரை துளியை விடாமல் வைத்திருக்கும். மேலே ஏறும் கட்டெறும்பின் வயிறு ஒட்டிக் கிடக்கும். கீழே இறங்கும் எறும்பின் வயிற்றைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் விலகி, நடுவே வெளுத்த தோல் தெரிகிற அளவுக்கு உப்பியிருக்கும்.

அந்தத் துளி சர்க்கரைத் தண்ணீர். செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதத்துக்கு வேண்டிய சத்து மிகக் குறைவு. வளரவும் குட்டி போடவும் அசுவினிக்கு அந்தக் குறைவான சத்துதான் தேவை. அதற்காக அது நாள் முழுக்கச் சாற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது; தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைப் பின்னால் கழித்துவிடுகிறது. மேலுரம் என்று யூரியாவை அள்ளி வீசிய பயிரில் அசுவினி ஏன் மடமடவென்று பெருகுகிறது என்பதற்கும் விடை இதுதான். சாற்றில் அதற்கு வேண்டிய சத்தை நாமே கூட்டிவைக்கிறோம். பிறகு கடைக்கு ஓடுகிறோம்.

கழித்த சர்க்கரையை எறும்பு எடுத்துக்கொள்ளாவிட்டால் அது இலைமேல் பிசுபிசுவென்று படிந்து கரும்பூசணம் பிடிக்கும். பிசுக்கில் பூச்சிக் குஞ்சுகளே மாட்டிச் சாகும். ஆக எறும்பு பூச்சிக்குக் காவல் மட்டும் இல்லை, துப்புரவும் பார்க்கிறது. இந்த ஏற்பாடு நமக்கு எதிரானது. ஆனால் அதை உடைக்க வேண்டிய இடம் மண்ணில் இல்லை, தண்டில் இருக்கிறது.

இனி காவல் எப்படி என்று பாருங்கள். ஒரு பொறிவண்டைப் பிடித்து அதே கொழுந்தில் விடுங்கள். எறும்புகள் பாய்ந்துவரும், காலைக் கவ்வும். வண்டு காலை உள்ளே இழுத்துக்கொண்டு பதுங்கும், முடியாவிட்டால் பறந்துவிடும். அதன் முட்டையும் புழுவும் பறக்க முடியாதவை. பொறிவண்டின் புழுவை நம்மில் பலருக்கு அடையாளமே தெரியாது. கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி வைத்து, சின்ன முதலைக்குட்டி மாதிரி செடியில் ஊரும். அதைப் பயிரைத் தின்னும் புழு என்று நசுக்கியவர்களை எனக்குத் தெரியும். அது வண்டாக மாறுவதற்குள் நூற்றுக்கணக்கில் அசுவினியைத் தின்கிறது. எறும்பு இதையும் கடித்து இழுத்துக் கீழே போடுகிறது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட வரும் கடுகளவுகூட இல்லாத குளவியையும் விரட்டுகிறது. எறும்பு ஏறிய கொழுந்தில் பேன் அதிகம் என்று நீங்கள் கண்டது உண்மைதான். காரணம், பேனைத் தின்பவற்றால் அங்கே வர முடியவில்லை என்பது.

பொடி தூவினால் என்ன நடக்கிறது? இரை தேடி வெளியே வந்த எறும்புகள் சாகின்றன. ராணி மண்ணுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. சில வாரத்தில் புதிய எறும்புகள் புறப்பட்டு வருகின்றன. செடிமேல் இருக்கும் அசுவினிக்கு மண்ணில் கிடக்கும் பொடியால் ஒரு கெடுதலும் இல்லை. சாவது தரையில் ஓடும் சிலந்தியும் தரைவண்டும். நம் அப்பா காலத்தில் கமாக்சின் என்று சொல்லி அள்ளித் தூவிய பி.எச்.சி. பொடியை அரசு 1997இல் தடை செய்தது. கார்பரில், மெத்தில் பாரத்தியான் பொடிகளும் 2018இல் தடையாயின. இவற்றில் ஏதாவது பரணில் மீதியிருந்தால் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கோழி மேயும் இடம், குழந்தை விளையாடும் இடம், பௌர்ணமிக்கு ஆயிரக்கணக்கில் வெறுங்காலோடு மலை சுற்றும் பாதையை ஒட்டிய மண் இது.

பொடிக்கு அடுத்து மருந்து டேங்க் தோளில் ஏறுகிறது. இங்கேதான் எனக்குப் பெரிய ஆதங்கம். அசுவினிக்கு ஆண் தேவையில்லை, முட்டையும் தேவையில்லை. பெண்ணே நேராகக் குட்டி போடும், வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குள் குட்டி தாயாகிவிடும். பொறிவண்டு முட்டையில் தொடங்கி வண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகிறது. அதனால் முதல் சில நாட்கள் பேன் முந்திக்கொண்டுதான் போகும். கொழுந்து சுருளும், பார்க்கப் பயமாக இருக்கும். சரியாக அந்த நாட்களில்தான் இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைகள் செங்குத்தாக, கொத்துக் கொத்தாக நிற்கும். சில புழு வெளியே வந்திருக்கும். நாமும் சரியாக அந்த நாட்களில்தான் மருந்து அடிக்கிறோம். பேன் சாகிறது, புழுவும் சாகிறது. தப்பிய நாலு பேன் அடுத்த வாரமே கூட்டமாகிவிடும். தப்பிய புழு எதுவும் இல்லை. "மருந்து வேலை செய்யலை, வேற குடுங்க" என்று கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் இரண்டு மூன்றைக் கலந்து கொடுக்கிறார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் கேட்டதை அவர் விற்கிறார். ஆனால் செடியைப் பார்க்காத ஒருவர் செடிக்கு மருந்து சொல்வதை நீங்கள் எப்படி ஒத்துக்கொள்கிறீர்கள்?

வேரிலும் விதையிலும் கொடுத்துச் செடிக்குள்ளேயே ஊறும் மருந்து பாதுகாப்பு, பூச்சியை மட்டும்தான் கொல்லும் என்று சிலர் சொல்கிறீர்கள். ஸ்பெயினில் ஆரஞ்சு வகை மரங்களில் செய்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. அப்படிப்பட்ட மருந்து கொடுத்த மரத்தில் மாவுப்பூச்சி கழித்த சர்க்கரைத் தண்ணீரிலும் மருந்து இருந்தது. அதைக் குடித்த ஒட்டுண்ணிக் குளவியும், அசுவினியைத் தின்னும் புழுவைப் பெற்றெடுக்கும் ஈயும் செத்தன. நமக்கு நல்லது செய்பவை பசிக்குக் குடிக்கும் தண்ணீரில் நாம் விஷம் கலக்கிறோம்.

"பூச்சி தின்னும் பூச்சியை நம்பிக் கொல்லையை விட முடியுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. விட்டுப் பார்த்த கதை நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் புதிதாக ஒரு மாவுப்பூச்சி வந்தது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. இரண்டே ஆண்டில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, தேக்கு என்று ஏறாத செடி இல்லை. மெழுகுப் பூச்சு மேலே இருப்பதால் அடித்த மருந்தெல்லாம் வழிந்து ஓடியது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரித் தோட்டத்தைப் பிடுங்கிப் போட்டார்கள். 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைப் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் வரவழைத்தது. அதில் அசெரோபேகஸ் என்ற குளவி கண்ணுக்கே சரியாகத் தெரியாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி மாவட்டம் மாவட்டமாகக் கொடுத்தது. குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்காதீர்கள் என்பதுதான் அப்போது வைத்த நிபந்தனை. அடுத்த ஆண்டே பூச்சி அடங்கியது. இன்று நம் ஊர்ப் பப்பாளியில் அங்கங்கே அந்தப் பூச்சி இருக்கிறது, கூடவே குளவியும் இருக்கிறது. அதனால் நீங்கள் அதை மறந்தேவிட்டீர்கள்.

மரவள்ளிக்கு இதே கதை மறுபடி நடந்தது. 2020இல் கேரளத்தில் கண்டுபிடித்த மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் என்று பரவியது. தென் அமெரிக்காவிலிருந்து 1970களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே மக்களின் சோற்றிலேயே கைவைத்த பூச்சி அது. அங்கே அதை அடக்கியது அனகைரஸ் லோபெசி என்ற குளவி. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். நம் பேச்சுக்கு வேண்டிய செய்தி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கானாவில், எறும்பு காவல் காத்த மரவள்ளிச் செடிகளையும் எறும்பை ஏறவிடாமல் தடுத்த செடிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எறும்பு காத்த செடிகளில் குளவியால் தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியவில்லை. கடல் கடந்து கொண்டுவந்த குளவியானாலும் தண்டில் எறும்பு ஏறினால் கை கட்டியதுதான்.

பருத்தியிலும் வெண்டையிலும் செம்பருத்தியிலும் நீங்கள் காணும் மாவுப்பூச்சிக்கும் எறும்போடு பழைய உறவு. 1898இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் அதை முதன்முதலில் எடுத்து விவரித்தபோது அது நெருப்பெறும்பின் கூட்டுக்குள் வேர்களில் ஒட்டிக்கொண்டு இருந்தது. குஜராத், பஞ்சாபில் பருத்தியை அது அழித்தது 2005க்குப் பிறகு. அதற்கான குளவி யாரும் கொண்டுவராமலே தானாக வந்து சேர்ந்தது. பார்த்தீனியம் இந்தப் பூச்சிக்கு மிகவும் பிடித்த இடம். பயிரில் அடித்துவிட்டு வரப்புப் பார்த்தீனியத்தை அப்படியே விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றுவதில்லை.

எறும்பு நல்லது என்று உங்களிடம் வக்காலத்து வாங்க வரவில்லை. மல்லாட்டைக் காயை மண்ணுக்குள் துளைத்துப் பருப்பைத் தின்னும் எறும்பு உண்டு, அது வேறு வகை. விதைத்த எள்ளையும் கேழ்வரகையும் தூக்கிப்போகும் எறும்பும் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்தில் 2022இல் மஞ்சள் எறும்பு பெருகி, ஆடு மாடு மேய்க்கிறவர்களே அந்தப் பக்கம் போகப் பயந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். இதே வகை எறும்பு இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. அங்கே ஹெலிகாப்டரிலிருந்து விஷம் தூவி ஓய்ந்துபோய், கடைசியில் 2016இல் எறும்பை விட்டுவிட்டு மரத்திலிருக்கும் செதில்பூச்சியை அடிக்கும் குளவியை விட்டார்கள். எறும்புக்குச் சர்க்கரை கொடுக்கும் பூச்சி குறைந்தால் எறும்பின் பலமும் குறையும் என்ற கணக்கு.

மறுபக்கமும் உண்டு. கம்பளிப்புழு, காய்ப்புழு, கரையான் எல்லாவற்றையும் எறும்பு இழுத்துப்போகிறது. சீனாவில் 304ஆம் ஆண்டு எழுதிய ஒரு நூலில், ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் முசுறு எறும்பின் கூட்டைக் கிளையோடு சந்தையில் விலைக்கு வாங்கித் தோட்டத்தில் விட்ட விவரம் இருக்கிறது. மாமரத்தில் முசுறு கடித்துத் துடித்திருக்கிறோம்; அதையே காசு கொடுத்து வாங்கியவர்களும் இருந்தார்கள். அந்த முசுறும் தன் இலைக்கூட்டுக்குள் செதில்பூச்சியை வளர்க்கத்தான் செய்கிறது. எறும்பில்லாத கொல்லை நமக்கு வேண்டாம், எறும்பு ஏறாத கொழுந்து போதும் என்கிறேன்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

மரப்பயிர் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். கொய்யா, சீத்தா, மா, எலுமிச்சை எதுவானாலும் தண்டைச் சுற்றிச் சாக்குத் துணியையோ பாலித்தீன் பட்டையையோ இறுகக் கட்டி, அதன்மேல் கிரீஸைப் பூசுங்கள். நேராகப் பட்டைமேல் பூசக்கூடாது, மரம் வெந்துபோகும். தரையைத் தொடும் கிளையையும், வேலியையோ அடுத்த மரத்தையோ தொடும் கிளையையும் கவாத்து செய்யுங்கள். இதைச் செய்யாமல் கிரீஸ் மட்டும் பூசினால் எறும்பு சிரித்துக்கொண்டே பக்கத்துக் கிளை வழியாக வரும். முட்டுக்கொம்புக்கும் கிரீஸ் வேண்டும். தூசி படிந்ததும் மறுபடி பூசுங்கள்.

மரத்தில் மாவுப்பூச்சிக்கு நடுவே அதைவிடப் பெரிதாக, வெள்ளை நூல் நூலாகத் தொங்க, வேகமாக ஊரும் ஒன்றைப் பார்த்தால் நசுக்காதீர்கள். அது மாவுப்பூச்சி இல்லை, மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு. இந்த வண்டை 1898இல் காப்பித் தோட்டங்களின் செதில்பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் புழு மாவுப்பூச்சி வேஷம் போட்டிருப்பதால் எறும்பே பல நேரம் ஏமாந்துபோகிறது. எறும்பை ஏமாற்றித் தப்பித்தது நம் கையில் சாக வேண்டாம்.

கரும்பு வைத்திருப்பவர்கள் சோகை உரிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் உரித்தால் சோகைக்கு அடியில் கணுவில் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சிக்கு மறைவிடம் போய்விடும். எறும்புக்கும் அங்கே வேலை இருக்காது.

கத்தரி, வெண்டையில் தண்டுக்குப் பட்டை கட்ட முடியாது. ஆரம்பத்திலேயே பூச்சி அப்பிய நுனியைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மிஞ்சினால் மீன் எண்ணெய் சோப்பு லிட்டருக்கு 25 கிராம், அல்லது 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்த கரைசல். மாலையில், இலைக்கு அடியில் படும்படி.

மல்லாட்டைக்கும் காராமணிக்கும் நான் கேட்பது இன்னும் கடினமானது: பொறுமை. பேனைப் பார்த்த அன்றே டேங்க்கை எடுக்காதீர்கள். ஒரு வாரம் பாருங்கள். கொழுந்தை உள்ளங்கையில் தட்டி, பொறிவண்டு, புழு, முட்டை, உப்பிப் பழுப்பேறிக் காய்ந்த அசுவினி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி உப்பிக் காய்ந்தது குளவி முட்டையிட்ட அசுவினி. அது கூடக்கூட உங்கள் பிரச்சினை குறைகிறது என்று பொருள். நடுவே ஒரு நல்ல மழை கொட்டினால் பேனின் பாதி அதிலேயே கழுவிப்போய்விடும். இவை எதுவும் இல்லாமல் பேன் மட்டும் பெருகினால் மருந்து அடியுங்கள், நான் தடுக்கவில்லை. அப்போதும் பேன் பிடித்த பகுதியில் மட்டும் அடியுங்கள்.

இன்னொன்று. செடியைத் தினமும் கிட்டே இருந்து பார்ப்பவர்கள் களை எடுக்கும் அக்காமார்தான். பேன் எந்தப் பாத்தியில் தொடங்கியது, எந்தப் பக்கம் பொறிவண்டு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். மருந்து முடிவு செய்கிறவர் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேளுங்கள்.

வரப்பில் நிற்கும் எருக்கை வெட்டித் தள்ளாதீர்கள். அதில் மொய்க்கும் மஞ்சள் அசுவினி வேறு வகை. எருக்கு, அரளியோடு நின்றுகொள்ளும், மல்லாட்டைக்கு வராது. உங்கள் பயிரில் பேன் இல்லாத நாட்களில் பொறிவண்டு அங்கே தின்று உயிர் பிழைக்கும். ஆனால் அகத்தி, கிளைரிசிடியாவில் வரும் கறுப்பு அசுவினி மல்லாட்டைக்கும் வரும் வகைதான். ஆகவே அந்த மரங்களின்மேல் கண் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று கேட்கப்போகிறேன், சிரிக்காமல் கேளுங்கள். மலை சுற்ற வருகிறவர்களில் சிலர் பரிகாரம் என்று மரத்தடியில் எறும்புக்குச் சர்க்கரையும் பச்சரிசி மாவும் போட்டுவிட்டுப் போகிறார்கள். "சர்க்கரை விக்கிற விலைக்கு எறும்புக்கு விருந்தா" என்று நாம் கிண்டல் அடிக்கிறோம். ஹங்கேரியில் ஆப்பிள் தோட்டங்களில் கிட்டத்தட்ட இதையே ஆராய்ச்சியாகச் செய்தார்கள். மரத்தருகே சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். எறும்புகள் அசுவினியை விட்டுக் கீழே வந்தன, மரத்தில் பொறிவண்டு கூடியது. டென்மார்க்கில் 2001இல் வெளியான இன்னொரு ஆய்வில், வேறு இடத்தில் சர்க்கரை கிடைத்த எறும்புகள் தாங்கள் காத்த அசுவினியையே பிடித்துத் தின்றன. நம் ஊர்க் கட்டெறும்பும் அப்படியே செய்யும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. செய்து பார்த்தால்தான் தெரியும். பத்துக் கொய்யா மரம் வைத்திருக்கும் ஒருவர், ஐந்து மரத்தடியில் மட்டும் கொட்டாங்குச்சியில் பஞ்சு வைத்து வெல்லத் தண்ணீர் ஊற்றி, மற்ற ஐந்தை அப்படியே விட்டுப் பார்க்கலாமே. மஞ்சள் எறும்போ நெருப்பெறும்போ உள்ள இடத்தில் மட்டும் இது வேண்டாம், அவற்றுக்குத் தீனி போட்டதாகிவிடும். எது என்ன எறும்பு என்று தெரியாவிட்டால் நம் மாவட்டத்திலேயே வாழவச்சனூரில் 2014 முதல் அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது. நாலு எறும்பை ஒரு சிமிழில் போட்டு, பூச்சி பிடித்த கொழுந்தையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

இதையெல்லாம் ஒருவர் மட்டும் செய்தால் பாதிப் பலன்தான். நான் ஒரு வாரம் பொறுத்திருக்கும்போது பக்கத்துக் கொல்லைக்காரர் கலவை மருந்து அடித்தால், என் பொறிவண்டு அங்கே போய்ச் சாகும், அவர் பேன் இங்கே பறந்து வரும். பூச்சிக்குப் பட்டா எண் தெரியாது. அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆடிப் பட்டத்துக்கு மண் உழுவதற்குள் ஒரே பாசனத்தில் இருப்பவர்கள், ஒரே வரப்பைப் பகிர்பவர்கள் ஒருநாள் சாயங்காலம் ஆதி அண்ணாமலையார் கோயில் பக்கம் உட்கார்ந்து நாலு விஷயம் பேசி முடியுங்கள். இந்தப் பட்டத்தில் எறும்புப் பொடி இல்லை. பேன் கண்ட முதல் வாரம் யாரும் மருந்து அடிப்பதில்லை. அடிக்க வேண்டி வந்தால் பக்கத்துக் கொல்லைக்காரருக்கு முதல்நாளே சொல்லிவிட வேண்டும். வரப்புப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னே எல்லோரும் சேர்ந்து பிடுங்க வேண்டும்.

முழுக் கொல்லையையும் நம்பி விட மனம் வரவில்லையென்றால் ஒரு மூலையை மட்டும் விடுங்கள். நாலு பாத்தி போதும். எந்த மூலை என்று நீங்களே குறித்து, அதற்கும் மற்றதற்கும் மருந்துச் செலவையும் காய் எடையையும் தனித்தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அறுவடை முடிந்ததும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

உங்களில் ஒருவன்